காது மந்தமா? கடைக்கு ஓடாதீர்கள்!

எங்கே சோதிப்பது? யாரிடம் சோதிப்பது? என்ன கேட்பது?

"இலவச காது பரிசோதனை!"

இந்த விளம்பரத்தை இப்பொழுது எந்த ஊர்க் கடைவீதியிலும் பார்க்கலாம். பத்திரிகையில் வருகிறது. கல்யாண மண்டபத்தில் முகாம் நடக்கிறது. செல்போனைத் திறந்தால் அங்கேயும் இதே அழைப்பு!

ஒரு பக்கம் பார்த்தால் இது நல்லதுதான். காதைச் சோதிக்க வேண்டும் என்றால் முன்பெல்லாம் பெரிய நகரத்துக்குப் பஸ் ஏற வேண்டும். இன்று சோதனை தெருமுனைக்கே வந்துவிட்டது.

ஆனால், மூன்று கேள்விகளைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. சோதிக்கிறவர் யார்? அவர் என்ன படித்தவர்? காது மெஷின் விற்றால்தான் அவருக்கு வருமானமா?

துணி எடுக்கப் போனால் பத்துக் கடை ஏறி இறங்குகிறோம். தங்கம் வாங்கினால் உரசிப் பார்க்கிறோம். காது விஷயத்தில் மட்டும் முதலில் கண்ணில் பட்ட இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறோம். இதனால் பணமும் போகிறது. சில சமயம் காதும் போகிறது!

எத்தனை பேருக்கு?

ஆண்டுதோறும் மார்ச் 3-ந் தேதி உலகக் கேட்புத் தினம். உலக சுகாதார நிறுவனம் 2021-ம் ஆண்டு ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. சிகிச்சையோ கருவியோ தேவைப்படும் அளவுக்குக் காது மந்தம் உள்ளவர்கள் உலகில் 43 கோடிப் பேர். 2050-ம் ஆண்டுக்குள், ஏதாவது ஓர் அளவில் கேட்கும் சக்தி குறைந்தவர்கள் 250 கோடிப் பேர் ஆகிவிடுவார்கள் என்று அது கணக்கிட்டது.

நம் நாட்டுக் கணக்கைப் பாருங்கள். 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கெடுப்பில், காது கேளாதவர்கள் என்று பதிவானவர்கள் சுமார் 50 லட்சம் பேர். ஆனால், உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டை வைத்து மத்திய அரசாங்கம் சொல்லும் கணக்கு 6 கோடியே 30 லட்சம்!

ஏன் இவ்வளவு வித்தியாசம்? இரண்டு கணக்கும் ஒரே அளவுகோலில் எடுத்தவை அல்ல. அது ஒரு காரணம். இன்னொரு காரணம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. "உங்கள் வீட்டில் யாருக்காவது காது கேட்காதா?" என்று கேட்டால், பல வீடுகளில் "இல்லை" என்பார்கள். தாத்தாவிடம் உரக்கப் பேச வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை ஒரு குறையாக எழுதிக்கொடுக்க மாட்டார்கள். "செவிடு" என்ற பட்டம் வந்துவிடும் என்ற கூச்சம்!

கண் மங்கினால் கண்ணாடி போட வெட்கப்படுவதில்லை. காது மங்கினால் மட்டும் மறைக்கிறோம். மறைத்து மறைத்து, முடியாத கட்டத்தில் ஒருநாள் அவசரமாக ஓடுகிறோம். அப்படி ஓடுகிறவர்களுக்குத்தான் கடைவீதிப் பலகை முதலில் கண்ணில் படுகிறது.

சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை!

வயதானவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். "எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது. நீங்கள்தான் முணுமுணுக்கிறீர்கள்" என்று கோபித்துக்கொள்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

வயது ஆக ஆக முதலில் குறைவது மெல்லிய, கூர்மையான ஒலிகளைக் கேட்கும் சக்தி. லாரியின் உறுமல் கேட்கும். பேத்தியின் பேச்சு கேட்காது. "கட்டை", "சட்டை", "தட்டை" என்ற மூன்று சொற்களும் ஒன்றுபோலக் காதில் விழும். முதல் எழுத்தின் ஒலி நழுவிவிடுகிறது. அதனால், "சட்டை எங்கே?" என்று கேட்டால், "கட்டை கொல்லையில் கிடக்கிறது" என்று பதில் வருகிறது. வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். கிழவர் மட்டும் சிரிப்பதில்லை. நாளடைவில் பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுகிறார்.

இது சிரித்துவிட்டு விடும் விஷயம் அல்ல. முதுமையில் வரும் மறதி நோய்க்கு வழிவகுக்கும் காரணங்களில், தடுக்கக்கூடியவை எவை என்று மருத்துவ நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். 2020-லும் 2024-லும் அவர்கள் வெளியிட்ட இரண்டு பட்டியல்களிலும் காது மந்தம் இடம் பெற்றிருக்கிறது.

விசைத்தறியிலும் ஆலையிலும் பல ஆண்டுகள் உழைத்தவர்களுக்கு, வயதாகும் முன்பே இந்த நிலைமை வரும். தொழில் நோய்ப் பட்டியலில் சத்தத்தால் வரும் காது மந்தமும் இருக்கிறது. இது தொழிலாளர்களில் பலருக்குத் தெரியாது!

மூன்று பேர் - மூன்று வேலை

காது விஷயத்தில் நாம் சந்திக்கும் ஆட்கள் மூன்று வகை.

முதலாவது, காது, மூக்கு, தொண்டை டாக்டர். நோயைக் கண்டுபிடித்து மருந்து கொடுப்பவர், ஆபரேஷன் செய்பவர்.

இரண்டாவது, ஆடியாலஜிஸ்ட். இவர் செவித்திறன் நிபுணர். காது எவ்வளவு கேட்கிறது என்று அளப்பவர். எந்த மெஷின் பொருந்தும் என்று பார்த்து, அதைத் திருத்தி அமைத்துக் கொடுப்பவர். இதற்கென்று 4 ஆண்டுப் பட்டப் படிப்பு இருக்கிறது. ஓராண்டு டிப்ளமா படித்த உதவியாளரும் உண்டு.

மூன்றாவது, விற்பனையாளர். மெஷினை எடுத்துக் காட்டி விற்பவர்.

மூவரும் வேண்டியவர்களே. ஆனால் மூன்றாமவர் இரண்டாமவரின் நாற்காலியில் உட்கார்ந்தால்தான் வம்பு!

இதற்குச் சட்டம் இருக்கிறது. 1992-ம் ஆண்டு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் வந்தது. அந்தக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இல்லாதவர்கள் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

ஆயிரம் ரூபாய் அபராதம்! மெஷின்களோ லட்ச ரூபாய்க்கு மேலும் விற்கின்றன. இந்த அபராதத்துக்கு யார் பயப்படுவார்கள்? சட்டம் காவல் நிற்கும் என்று நாம் சும்மா இருக்க முடியாது. "உங்கள் பதிவு எண் என்ன?" என்று நாமே கேட்க வேண்டும். முறையாகப் படித்தவர் இந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டார். சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைக் காட்டுவார்.

"இலவசம்" என்றால் என்ன?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். கடைக்கு வாடகை இருக்கிறது. சிப்பந்திக்குச் சம்பளம் இருக்கிறது. சோதனைக் கருவிக்கு விலை இருக்கிறது. சோதனை இலவசம் என்றால் இந்தச் செலவெல்லாம் எங்கிருந்து வரும்? மெஷின் விற்பதிலிருந்துதான் வரும்.

இதில் மோசடி இருக்கிறது என்று சொல்லவில்லை. படித்த நிபுணரை வைத்து நேர்மையாக நடத்தும் கடைகளும் இருக்கின்றன. ஆனால், விற்றால்தான் பிழைப்பு என்ற இடத்தில், "உங்களுக்கு மெஷின் வேண்டாம்" என்று சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும். எல்லோரிடமும் அது இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

காதில் குறும்பி கட்டிக்கொண்டால் காது அடைக்கும். டாக்டர் அதை எடுத்துவிட்டால் கேட்டுவிடும். செவிப்பறையில் ஓட்டை விழுந்தாலும் காது மந்தமாகும். அதை ஆபரேஷன் செய்து அடைக்கலாம். நடுக்காதில் நீர் கோத்தாலும் கேட்காது. அதற்குச் சிகிச்சை உண்டு. இவர்கள் எல்லோரும் நேராகக் கடைக்குப் போனால் என்ன ஆகும்? நோய் உள்ளே இருக்கும். மெஷின் வெளியே தொங்கும்!

ஆகவே, முதல் விதி இதுதான்: முதலில் டாக்டர், பிறகு அளவு, கடைசியில்தான் மெஷின்.

எங்கே போகலாம்?

அரசாங்க ஆஸ்பத்திரி: தமிழ்நாட்டில் பெரும்பாலான மாவட்டங்களில் அரசாங்க மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே காது, மூக்கு, தொண்டைப் பிரிவு உண்டு. டாக்டரும் அங்கேயே இருப்பார். சோதனையும் அங்கேயே நடக்கும். மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்குக் கருவியும் ஆளும் கொடுப்பதற்காக, 2007-ம் ஆண்டு மத்திய அரசாங்கம் காது கேளாமைத் தடுப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கூட்டம் இருக்கும். ஒரே நாளில் முடியாமலும் போகலாம். ஆனால் இங்கே உங்களிடம் எதையும் விற்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. அதுதான் இதன் பெரிய பலம்.

இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி: இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருக்கும் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும் இங்கே போகலாம்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்: தகுதி உள்ளவர்களுக்கு இங்கே இலவசமாகக் காது மெஷின் கிடைக்கும். அரசாங்கம் நியமித்த மருத்துவக் குழு பார்த்துக் கொடுக்கும் சான்றிதழ் வேண்டும். கடையில் எடுத்த சீட்டு அந்தச் சான்றிதழ் ஆகாது. உதவிகளைப் பெற 40 சதவிகிதம் குறைபாடு இருக்க வேண்டும்.

கல்லூரிகளைச் சேர்ந்த சோதனைக்கூடம்: ஆடியாலஜி கற்றுக்கொடுக்கும் கல்லூரிகளில் பொதுமக்களுக்கும் சோதனை செய்கிறார்கள். மாணவர்கள் செய்வார்கள், ஆசிரியர்கள் பார்ப்பார்கள். சிக்கலான கேஸ் என்றால், மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு - கேட்பு நிறுவனத்துக்குப் போகலாம். அது மத்திய அரசாங்கத்தின் நிறுவனம்.

தனியார் கிளினிக்: கட்டணம் வாங்குவார்கள். தவறில்லை. கட்டணம் கொடுத்தால், முடிவை வாங்கிக்கொண்டு எழுந்து வருவதற்குக் கூச்சம் இருக்காது!

முகாம்: "உங்களுக்குக் குறை இருக்கலாம்" என்று தெரிந்துகொள்ள முகாம் உதவும். ஆனால் விசிறி ஓட, மைக் அலற, நூறு பேர் பேசிக்கொண்டிருக்கும் மண்டபத்தில் எடுத்த அளவை வைத்து மெஷின் வாங்கக் கூடாது. செல்போனில் செய்துபார்க்கும் சோதனைக்கும் இதே விதிதான். அது எச்சரிக்கை மணி, தீர்ப்பு அல்ல.

சரியான சோதனை எப்படி இருக்கும்?

முதலில் உங்களை உட்காரவைத்து விசாரிப்பார்கள். எத்தனை நாளாக? எந்தக் காது? என்ன வேலை? என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? குடும்பத்தில் யாருக்காவது உண்டா?

பிறகு விளக்குக் கருவியால் காதுக்குள் பார்ப்பார்கள். குறும்பி இருந்தால் முதலில் அது வெளியே வரவேண்டும்.

அதன் பிறகு சத்தம் புகாத அறை. காதில் ஹெட்போன் மாட்டுவார்கள். "பீப்" என்று ஒலி வரும். கேட்டவுடன் கையைத் தூக்க வேண்டும், அல்லது பொத்தானை அழுத்த வேண்டும். தடித்த ஒலியில் இருந்து கீச்சு ஒலி வரை, இரண்டு காதுகளையும் தனித்தனியே சோதிப்பார்கள்.

அடுத்து, காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் ஒரு சிறு கருவியை வைத்து மறுபடியும் சோதிப்பார்கள். இது மிக முக்கியம்! கோளாறு வெளிக்காதிலும் நடுக்காதிலுமா, அல்லது உள்காதிலும் நரம்பிலுமா என்பதை இதுதான் காட்டிக்கொடுக்கும். சிகிச்சையா, மெஷினா என்பதே இதில்தான் இருக்கிறது. இதைச் செய்யாமல் மெஷினை எடுத்து நீட்டினால், எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக, சொற்களைச் சொல்லி உங்களைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். நாம் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டியது "பீப்" சத்தத்தை அல்ல, மனிதர் பேச்சை! தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்குத் தமிழ்ச் சொற்களை வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும்.

எல்லாம் முடிய அரைமணி நேரமாவது ஆகும். ஐந்து நிமிஷத்தில் முடிந்தால் அது சோதனை அல்ல, சடங்கு.

சீட்டைக் கேட்டு வாங்குங்கள்

சோதனை முடிந்ததும் கட்டம் போட்ட ஒரு தாள் தருவார்கள். ஆடியோகிராம் என்று அதற்குப் பெயர். வலது காதுக்குச் சிவப்பு. இடது காதுக்கு நீலம். கோடு கீழே இறங்க இறங்கக் குறை அதிகம் என்று பொருள்.

டெசிபல் என்பது ஒலியின் அளவு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன கணக்குப்படி, 20 டெசிபலுக்குக் கீழே இருந்தால் காது நன்றாக இருக்கிறது. 20 முதல் 35 வரை இலேசான குறை. 35 முதல் 50 வரை நடுத்தரம். 50 முதல் 65 வரை இன்னும் கொஞ்சம் அதிகம். 65-க்கு மேல் கடுமை. 80-க்கு மேல் மிகக் கடுமை. சில இடங்களில் பழைய கணக்குப்படி 25-ல் இருந்து தொடங்குவார்கள். அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

அந்தத் தாள் உங்களுடையது. "அது எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது" என்று சொன்னால் விடாதீர்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொருவரிடமும் யோசனை கேட்கலாம். லட்ச ரூபாய் விஷயத்தில் இரண்டு பேரைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. சோதிக்கிறவர் யார்? அவருடைய படிப்பு என்ன? பதிவு எண் என்ன?

2. சத்தம் புகாத அறை இருக்கிறதா?

3. சோதனைக் கருவியை ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்கிறீர்களா? கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள்?

4. சோதனைத் தாளைக் கையில் தருவீர்களா?

5. மெஷின் வாங்கினால், சில நாள் போட்டுப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா? எழுதித் தருவீர்களா?

6. வாங்கிய பிறகு எத்தனை தடவை வந்து திருத்திக்கொள்ளலாம்? அதற்குத் தனிக் காசா?

ஆறாவது கேள்வியை மறக்காதீர்கள். காது மெஷின் கண்ணாடி மாதிரி அல்ல. போட்டவுடன் சரியாகிவிடாது. முதல் சில வாரம் பாத்திரச் சத்தமே இடி மாதிரி கேட்கும். மூன்று, நான்கு தடவை போய்த் திருத்த வேண்டியிருக்கும். காதுக்கு அச்சு எடுக்க வேண்டும். பாட்டரி மாற்ற வேண்டும். இதற்கு ஆள் இல்லாவிட்டால் மெஷின் பீரோவுக்குள் போய்விடும்.

ஆகவே, சோதனைக்குத் தூரமாகப் போனாலும் பரவாயில்லை. நல்ல இடமாக இருக்கட்டும். மெஷினைக் கவனித்துக்கொள்ளும் இடம் மட்டும், வயதானவர் ஒரு பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கட்டும். பில்லையும் பத்திரமாக வையுங்கள். ஏமாற்றம் நடந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடலாம்.

குழந்தையா? நாள் கடத்தாதீர்கள்!

பெரியவர்கள் விஷயத்தில் போவது பணம். குழந்தை விஷயத்தில் போவது பேச்சு!

காது கேட்டால்தான் குழந்தை பேசும். பிறந்து 1 மாதத்துக்குள் முதல் சோதனை; 3 மாதத்துக்குள் முடிவு; 6 மாதத்துக்குள் சிகிச்சை. இதுதான் உலகம் முழுவதும் டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. "கைக்குழந்தை எப்படிக் கையைத் தூக்கும்?" என்று கேட்கலாம். தேவையே இல்லை. தூங்கும் குழந்தையின் காதில் சிறு குழாயை வைத்துச் சில நிமிஷத்தில் பார்த்துவிடலாம். சந்தேகம் இருந்தால், தலையில் கம்பிகளை ஒட்டி நரம்பைச் சோதிப்பார்கள். வலிக்காது.

கதவு அறைந்தும் குழந்தை திடுக்கிடவில்லையா? ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லையா? உடனே அழைத்துப் போங்கள். "இவன் அப்பனும் மூன்று வயசில்தான் பேசினான்" என்று பாட்டி சொல்வார். பாட்டியை எதிர்த்துப் பேச வேண்டாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும்! சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களின் குழந்தை, குறைமாதக் குழந்தை, பிறந்தவுடன் மஞ்சள் காமாலை கடுமையாக வந்த குழந்தை - இவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை.

சில குழந்தைகளுக்கு மெஷின் போதாது. உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் ஆபரேஷன் தேவைப்படும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. ஆனால் 6 வயதுக்குள் போக வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு பலன். பிறவிக் குறைகளைச் சீக்கிரமே கண்டுபிடிப்பதற்கு மாவட்டத் தலைநகரில் ஆரம்ப இடையீட்டு மையம் இருக்கிறது. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் வந்தது அது. அங்கன்வாடி ஊழியரைக் கேட்டாலும் வழி சொல்வார்.

இவர்கள் காத்திருக்கக் கூடாது

நேற்றுவரை நன்றாகக் கேட்ட காது திடீரென்று அடைத்துவிட்டதா? அன்றைக்கே காது டாக்டரிடம் போங்கள். "சளி பிடித்திருக்கும்" என்று ஒரு மாதம் கடத்தினால் கேட்கும் சக்தி திரும்பாமலே போகலாம். முதல் இரண்டு வாரத்துக்குள் கொடுக்கும் மருந்துதான் நன்றாக வேலை செய்யும்.

காதில் சீழ், இரத்தம், வலி, தலைசுற்றல், ஒரு காதில் மட்டும் மந்தம், ஒரு காதில் மட்டும் இரைச்சல் - இவற்றில் எது இருந்தாலும் டாக்டர்தான். எண்ணெய் காய்ச்சி விடுவதும், கோழி இறகு, ஹேர்பின் விட்டுக் குடைவதும் வேண்டவே வேண்டாம்.

அரசாங்கம் என்ன செய்யலாம்?

ஜனங்கள் கடைக்கு ஓடுவதற்கு ஜனங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்தச் சோதனை நடப்பதே பலருக்குத் தெரியாது. எந்தக் கிழமை, எந்த அறை, யாரைப் பார்ப்பது என்று ஒரு பலகை வைத்தால் போதும். செலவு சில நூறு ரூபாய்தான்! தாலுகா ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒருநாளாவது நிபுணர் வரட்டும். பதிவு பெற்ற நிபுணர்களின் பட்டியலை மாவட்டம் வாரியாகத் தமிழில் வெளியிடட்டும். கடைகளுக்கும் ஒரு விதி வேண்டும்: விளம்பரப் பலகையில் "இலவசம்" என்ற சொல் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ, அவ்வளவு பெரிதாகச் சோதிப்பவரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கட்டும்!

அது வரும்வரை, நம் வீட்டுப் பெரியவரை நாமே அழைத்துப் போவோம். அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். டாக்டர் சொல்வது அவருக்குக் கேட்காது. கேட்டதாகத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். கூட ஒருவர் போக வேண்டும். அந்த ஒருவர் கேள்வி கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.